காய்ச்சலே வராத உடம்பில் வாய்ப் புற்று எப்படி வளர்ந்தது?

கேள்வி கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அவருடைய அப்பாவுக்கு 58 வயது, துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற வேலை. இடது உள்கன்னத்தில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. பயாப்சியில் புற்று என்று வந்து, இப்போது புதுச்சேரிக்கும் கடலூருக்குமாகச் சிகிச்சைக்கு அலைகிறார்கள். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "அப்பாவுக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லை. கொரோனா நேரத்தில் வீட்டில் எல்லோரும் படுத்தோம், அவர் மட்டும்தான் நடமாடினார். இவ்வளவு எதிர்ப்பு சக்தி உள்ள உடம்பு, வாய்க்குள் வளர்ந்த கட்டியை எப்படிப் பார்க்காமல் விட்டது? எதிர்ப்பு சக்தியைக் கூட்ட ஏதாவது கொடுத்தால் இப்போதாவது பார்க்குமா? டாக்டர் இம்யூனோதெரபி ஊசி என்று ஒன்று சொன்னார், அது என்ன? வெற்றிலை பாக்கு போடும் சித்தப்பாவுக்கும் வருமா?"

பார்க்காமல் விடவில்லை, தம்பி. பார்த்திருக்கிறது, பல முறை அடித்தும் இருக்கும். இன்றைக்கு அப்பாவின் கன்னத்தில் இருப்பது அந்த அடிக்கெல்லாம் தப்பிய செல்களின் வாரிசுகள். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் வழி கிடைக்கும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பல வருடங்களாகப் புதுச்சேரியில் பயாப்சிகளை நுண்ணோக்கியில் படித்துச் சொல்வதுதான் என் வேலை. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து வரும் கன்னப் புற்று, நாக்குப் புற்று சிலைடுகளில் மறுபடி மறுபடி ஒரே காட்சியைப் பார்க்கிறேன். புற்றுச் செல்கள் திட்டுத் திட்டாகத் தசைக்குள் இறங்கியிருக்கும். அந்தத் திட்டுகளைச் சுற்றி, கருநீலப் புள்ளிகளாக, லிம்போசைட் என்கிற எதிர்ப்பு செல்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். விளிம்பு வரை வந்திருக்கும், உள்ளே நுழைந்தவை குறைவாக இருக்கும். எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவலே போகவில்லை என்றால் அவை அங்கே வந்திருக்கவே மாட்டா. வந்தவை ஏன் வேலையை முடிக்கவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி.

முதலில் அவை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்போம். அப்பா வேலை செய்கிற ஏலக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடையைத் திறந்து காட்டினால்தான் வாங்க வந்தவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வார். உடம்பில் இருக்கும் ஏறத்தாழ எல்லாச் செல்களும் இப்படித் தங்கள் கூடையைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே தயாராகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறின் மேல் வைத்து, வெளிப்புறத்தில் நிறுத்தும். டி செல்கள் என்ற லிம்போசைட்டுகள் ஒவ்வொரு செல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போகும். வழக்கமான துண்டுகள் என்றால் நகர்ந்துவிடும். வைரஸ் துண்டோ, மரபணு கெட்டுப்போனதால் உருமாறிய துண்டோ தட்டுப்பட்டால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும்.

புகையிலையும் பாக்கும் வருடக்கணக்கில் படும் இடத்தில் மரபணுக் கேடு ஏராளம். அதனால் தலை, கழுத்துப் புற்றுகள் வெளியே காட்டும் உருமாறிய துண்டுகளும் நிறைய. கணக்குப்படி பார்த்தால் இவை சுலபமாக மாட்டிக்கொள்ள வேண்டிய புற்றுகள். சுலபமாக மாட்டிக்கொள்பவை மாட்டிக்கொண்டுதான் போகின்றன. உங்கள் அப்பாவின் வாயில் அப்படி எத்தனை செல்கள் தோன்றி, யாருக்கும் தெரியாமல் அழிந்தன என்று யாராலும் எண்ண முடியாது.

இது ஊகம் இல்லை. 2001-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். புகையிலைப் புகையில் இருக்கிற அதே குடும்பத்து ரசாயனம் ஒன்றைக் கொடுத்து எலிகளுக்குக் கட்டி வரவழைத்தார்கள். ஒரு பக்கம் லிம்போசைட்டே இல்லாத எலிகள், இன்னொரு பக்கம் சாதாரண எலிகள். இரண்டு வகையிலிருந்தும் கட்டியை எடுத்து, புதிய, ஆரோக்கியமான எலிகளுக்குள் வைத்தார்கள். சாதாரண எலியில் வளர்ந்த கட்டி புதிய எலியிலும் தடையில்லாமல் வளர்ந்தது. எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் வளர்ந்த கட்டிகளில் கணிசமானவற்றைப் புதிய எலிகள் அழித்துவிட்டன. காரணம் என்ன? எதிர்ப்பு மண்டலமே இல்லாத உடம்பில் வளர்ந்த கட்டிக்கு ஒளியத் தெரிய வேண்டிய தேவை வரவில்லை. நல்ல எதிர்ப்பு சக்தி உள்ள உடம்பில் வளர்ந்த கட்டி, அந்தச் சக்தியாலேயே சலிக்கப்பட்டு, ஒளியத் தெரிந்தவை மட்டும் மிஞ்சிய கட்டி.

ஆகவே "காய்ச்சல்கூட வராத உடம்பு" என்பதற்கும் "புற்று வந்த உடம்பு" என்பதற்கும் முரண்பாடு இல்லை. அப்பாவின் உடம்பு எதிலும் குறைந்துபோகவில்லை. வீட்டில் யாராவது "சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் சக்தி இல்லாமல் போய் இது வந்தது" என்று அவரைக் குறை சொன்னால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே ஒடுங்கிப்போனவர்களுக்கு இந்தப் புற்றுகள் அதிகம் வருவது தெரிந்த விஷயம்தான். சிறுநீரகம் மாற்றி, அதற்காக வருடக்கணக்கில் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உதட்டுப் புற்று மற்றவர்களைவிடப் பல மடங்கு வருகிறது. உங்கள் அப்பாவின் கதை அதுவல்ல.

சரி, எப்படி ஒளிகின்றன? ஒரே வழியில் இல்லை. ஒரே கட்டியின் இரண்டு மூலைகளில் இரண்டு விதமான தந்திரம் இருக்கலாம்.

நேரடியான வழி, கூடையை மூடிவிடுவது. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுகளில் அந்தப் பகுதி உடைந்து போவதும், எச்.எல்.ஏ.-வைத் தாங்கிப் பிடிக்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் கெட்டுப்போவதும், புரதத் துண்டுகளை ஏற்றி அனுப்பும் உள்வேலை மந்தமாவதும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் டி செல்லுக்குச் செய்ய ஒன்றுமில்லை, தடவிவிட்டுப் போய்விடும்.

இதற்கும் உடம்பில் மாற்று ஏற்பாடு உண்டு. என்.கே. செல்கள் என்று ஒரு வகை, எச்.எல்.ஏ. காட்டாத செல்லைத்தான் சந்தேகப்பட்டு அடிக்கும். அதனால் கெட்டிக்காரப் புற்று முழுவதையும் மூடுவதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் வகைகளை மட்டும் இழந்து, எச்.எல்.ஏ.-ஈ என்ற ஒரு வகையை அதிகமாக நிறுத்திவைக்கும். என்.கே. செல்லின் மேல் இருக்கும் ஓர் உணரி அதைத் தொட்டதும் அமைதியாகிவிடும். ஒரே சமயத்தில் டி செல்லுக்கும் என்.கே. செல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது.

அடுத்தது, கண்டுபிடித்த பிறகும் சாகாமல் இருப்பது. டி செல் கொல்லும் வழிகளில் ஒன்று, எதிரிச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தொட்டு "நீயே உன்னை முடித்துக்கொள்" என்று கட்டளை அனுப்புவது. அந்தக் கட்டளையை உள்ளே நிறைவேற்றுவது கேஸ்பேஸ்-8 என்ற நொதி. இது நம் நாட்டுக்கு நெருக்கமான விஷயம். உலகளாவிய புற்று மரபணுத் திட்டத்தில் இந்தியா எடுத்துக்கொண்ட புற்று, கன்னத்திலும் ஈறிலும் வருவது. புகையிலையை அடக்கி வைக்கிற இடத்தில் வருகிற நம்மூர்ப் புற்று. 2013-இல் வெளியான அந்த ஆய்வில் திரும்பத் திரும்பக் கெட்டுப்போயிருந்த மரபணுக்களில் கேஸ்பேஸ்-8-உம் ஒன்று. டி செல் வந்தது, கண்டுபிடித்தது, கட்டளையும் கொடுத்தது. கேட்க அங்கே ஆள் இல்லை.

மூன்றாவதுதான் டாக்டர் சொன்ன ஊசிக்குப் பின்னால் இருப்பது. டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு புரதம் உண்டு. ஜப்பானின் டசுகு ஹோன்ஜோ குழு 1992-இல் கண்டுபிடித்தது. 2018-இல் அவருக்கு நோபல் கிடைத்தது, அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசனுடன் சேர்த்து. பி.டி.-1 உடம்பின் நல்லதுக்குத்தான் இருக்கிறது. சண்டை அளவுக்கு மீறிப் போய் நல்ல திசுவும் வேகாமல் இருக்க, எதிரில் இருக்கும் செல் பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் காட்டினால் டி செல் நிதானமாகும். புற்று இதையே எடுத்துக்கொள்கிறது. சில கட்டிகளில் பி.டி.-எல்1 மரபணு இருக்கும் ஒன்பதாவது குரோமோசோம் பகுதியே பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். அதைவிட அதிகம் நடப்பது வேறொன்று: டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் சுரக்கும், அது பட்டதும் புற்றுச் செல் பி.டி.-எல்1-ஐ வெளியே நிறுத்தும். தாக்குதல்தான் கேடயத்தையே வரவழைக்கிறது. இப்படி நாள்கணக்கில் தடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் டி செல், கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, கொல்லும் திறனை இழந்து, பெயருக்கு அங்கே நிற்கும். சிலைடில் நான் பார்க்கும் அந்தக் கருநீலப் புள்ளிகளில் பல, இப்படிக் களைத்துப்போனவையாகத்தான் இருக்க வேண்டும்.

போதாக்குறைக்குப் புற்று ஆள் சேர்க்கிறது. உடம்பில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. தன் உடம்பையே தாக்கும் நோய்கள் வராமல் மற்ற டி செல்களைக் கட்டுப்படுத்துவது அவற்றின் வேலை. 2025 மருத்துவ நோபல் இவற்றைக் கண்டுபிடித்து விளக்கியதற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் தரப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுகளுக்குள் இவை ஏராளமாகக் குவிகின்றன. குப்பையை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் புற்றுக்குப் பக்கத்தில் குணம் மாறி, காயம் ஆற்றும் வேலையில் இறங்கிப் புதிய ரத்தக்குழாய் வளரத் துணைபோகும். சர்க்கரையைப் புற்று முந்திக்கொண்டு தின்றுவிடுவதால் டி செல் பட்டினி கிடக்கும், புற்று வெளியே தள்ளும் லாக்டிக் அமிலமும் அதை முடக்கும்.

இனி பாக்குக்கு வருகிறேன். சித்தப்பாவைப் பற்றிய கேள்விக்கும் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

நம் பக்கத்தில் புகையிலையைக் கெட்டது என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட, வெறும் வெற்றிலை பாக்கு ஒன்றும் செய்யாது என்பார்கள். கல்யாணத் தட்டில் வைப்பது, சாமிக்கு வைப்பது, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத பாக்கும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியான வகையில் சேர்த்துவிட்டது. தட்டில் வைப்பதில் தப்பில்லை, வருடக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைப்பதுதான் தப்பு.

பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற பொருட்கள் கன்னத்தின் உள்தோலைத் தொடர்ந்து எரிச்சல்படுத்தும். அங்கே டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் அதிகமாகும். அது தோலுக்கு அடியில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டி, நார் நாராகக் கொலாஜனைப் போட வைக்கும். உள்கன்னம் வெளுத்து விறைத்துப்போகும், காரம் பட்டால் எரியும், வாயைத் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடியாமல் வந்து நிற்கும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள் நம் ஊர் பல் மருத்துவமனைகளில் அபூர்வம் இல்லை. குட்கா பொட்டலம்தான் பெரும்பாலும் காரணம். தமிழ்நாட்டில் 2013-லிருந்து அதற்குத் தடை இருக்கிறது. தடை இருக்கும் பொருள் பள்ளிக்கூடம் தாண்டினால் கிடைக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத கோபம் தரும் விஷயம்.

அந்த டி.ஜி.எஃப்.-பீட்டாவை மறுபடி பாருங்கள். கன்னத்தை நாராக்கும் அதே பொருள்தான் டி செல்லின் கொல்லும் திறனை அடக்குகிறது, சாதாரண டி செல்லை ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாற்றுகிறது, கட்டியைச் சுற்றி டி செல் நுழைய முடியாத நார்ச்சுவர் எழுப்பவும் வைக்கிறது. அதாவது புற்று தோன்றுவதற்குப் பல வருடம் முன்பே, அது வந்தால் ஒளிவதற்கான இடம் அந்தக் கன்னத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறது. வாய்க்குள் திட்டாக வரும், இன்னும் புற்றாக மாறாத வெள்ளைப் படைகளில்கூட பி.டி.-எல்1 தெரிந்திருக்கிறது. ஒளிந்துகொள்ளும் பழக்கம் கட்டி பெரிதான பிறகு வருவதில்லை, படை நிலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பாக்கை விட்டுவிடச் சொல்வதற்கு என்னிடம் இதைவிட வலுவான காரணம் இல்லை.

மதுவும் புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்காரர்களும் புதுச்சேரிக்கு வந்து போகிறவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

இணையத்தில் தேடினால் எச்.பி.வி. வைரஸ் பற்றியும் நிறைய வரும். அது நாக்கின் பின்கோடி, டான்சில் பகுதியில் வரும் தொண்டைப் புற்றோடு சேர்ந்தது. மேலை நாடுகளில் அதிகம். நம் கன்னப் புற்றில் அதன் பங்கு சிறியது. அந்த வைரஸும் ஒளிவதில் தேர்ந்தது. அதன் ஈ-5 என்ற புரதம் எச்.எல்.ஏ.-வைச் செல்லுக்கு உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈ-7, அந்நிய டி.என்.ஏ. உள்ளே வந்திருக்கிறது என்று எச்சரிக்கும் அமைப்பை முடக்கும். ஆனாலும் அந்தப் புற்று வைரஸ் புரதத்தை நம்பித்தான் வாழ வேண்டும், அதை முழுக்க மறைக்க முடியாது. அதனால் அந்தக் கட்டிகளுக்குள் டி செல்கள் அதிகம், சிகிச்சைக்கும் நன்றாக இணங்கும். 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் எச்.பி.வி. உள்ள தொண்டைப் புற்றுக்காரர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 82 பேர், வைரஸ் இல்லாதவர்களில் 57 பேர். எதிர்ப்பு மண்டலம் உள்ளே நுழைய முடிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சாட்சி. அப்பாவின் ரிப்போர்ட்டில் எச்.பி.வி. சோதனை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், கன்னப் புற்றுக்கு அது பொதுவாகத் தேவைப்படாது.

இப்போது டாக்டர் சொன்ன இம்யூனோதெரபி ஊசி. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பி.டி.-1-ஐ மூடிக்கொள்ளும் ஆன்டிபாடிகள். புற்று பி.டி.-எல்1-ஐக் காட்டினாலும் டி செல்லுக்கு அது தெரியாது, வேலையைத் தொடரும். கீமோ மாதிரி இவை புற்றை நேரடியாகக் கொல்வதில்லை. முன்பே அங்கு வந்து நிற்கும் டி செல்தான் கொல்ல வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் பலிப்பதில்லை. கூடையை மூடிய புற்றில் பி.டி.-1-ஐ அவிழ்த்தாலும் டி செல்லுக்குப் பிடிபட ஒன்றுமில்லை. கேஸ்பேஸ்-8 கெட்டதில் கட்டளை பாதியில் நிற்கும். நார்ச்சுவருக்கு வெளியே நிற்கும் டி செல் உள்ளே போகவே வழியில்லை.

எண்களை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் சில இடங்களில் இந்த ஊசியை அதிசயம் போலச் சொல்லிக் குடும்பங்களை நகை அடகு வைக்கத் தூண்டுகிறார்கள். 2016-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில், கீமோவுக்குப் பிறகும் திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு நிவோலுமாப் கொடுத்தபோது ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு 36 பேர் உயிரோடு இருந்தார்கள், வழக்கமான மருந்தில் சுமார் 17 பேர். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கட்டி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது நூற்றுக்குப் பதிமூன்று பேருக்குத்தான். அந்தப் பதிமூன்றில் சிலருக்குப் பலன் வருடக்கணக்கில் நிற்பதுதான் இந்த மருந்தின் தனித்தன்மை.

விலைதான் நம் மக்களுக்குச் சுவர். முழு அளவில் போட்டால் ஒரு சிகிச்சைக் காலத்துக்குப் பல லட்சம் ஆகும். இந்த இடத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் செய்த ஒரு வேலையை நான் பெருமையோடு சொல்வேன். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்து, கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மூன்று மலிவான வாய்வழி மருந்துகளைச் சேர்த்தார்கள். குணமாக்க வழியில்லாத நிலைக்குப் போய்விட்ட நோயாளிகள் அவர்கள். ஒரு வருடம் கழித்து மாத்திரைகள் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள், குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43 பேர். பி.டி.-1-ஐ மூடுவதற்கு உண்மையில் அவ்வளவு மருந்து தேவையில்லை என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட ஆய்வு இது. இதில் செலிகாக்சிப் மூட்டுவலிக்குக் கொடுக்கிற மாத்திரைதான். புற்று சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளும் டி செல்லை அடக்குகிற ஒன்று, அதைக் குறைப்பது செலிகாக்சிப்பின் வேலை. குறைந்த அளவை முழு அளவோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது, அதையும் மனதில் வையுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் பாடம் சொல்கிறது. கரண்டு வைக்கிறது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சையும் கீமோவையும் கொடுக்கும்போதே இந்த வகை ஊசியையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நம்பி நடத்திய பெரிய ஆய்வுகள் சில பலன் காட்டவில்லை. ஒரு விளக்கம்: டி செல்கள் புற்றைப் பற்றித் தெரிந்துகொள்வது கழுத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) தான், கதிர்வீச்சு அந்த நெறிகளையும் சுட்டுவிடுகிறது. ஆனால் அறுவைக்கு முன்பே, கட்டியும் நெறியும் இடத்தில் இருக்கும்போதே இரண்டு தவணை பெம்ப்ரோலிசுமாப் கொடுத்து, அறுவைக்குப் பிறகும் தொடர்ந்த ஆய்வில் நோய் திரும்பாமல் இருந்த காலம் நீண்டது. இதை வைத்து 2025-இல் அமெரிக்காவில் அனுமதியும் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் கழுத்து நெறியை எடுக்க வேண்டாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். வாய்ப் புற்று முதலில் பரவுவது அங்கேதான். ஆரம்ப நிலை வாய்ப் புற்றிலேயே நெறிகளையும் சேர்த்து எடுத்தால் மூன்று வருடம் கழித்து நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்து பிறகு எடுத்தவர்களில் 67 பேர்; இதுவும் டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு, 2015. கன்னப் புற்றுக்கு இன்றைக்கும் முதல் வைத்தியம் கத்திதான். அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். புற்று எந்த நிலை, அறுவை செய்யக்கூடியதா? இம்யூனோதெரபி என்று சொன்னது அறுவைக்கு முன்பா, திரும்பி வந்தாலா? பி.டி.-எல்1 அளவு, அதாவது சி.பி.எஸ். எண், பார்த்தார்களா? ஏற்கெனவே எடுத்த பயாப்சித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியிலேயே அதைப் பார்க்கலாம், புதிதாக அறுக்க வேண்டியதில்லை. எண் கூடுதலாக இருந்தால் ஊசி பலிக்கும் வாய்ப்பு கூடுதல், உறுதி கிடையாது. குறைந்த அளவு முறை அப்பாவுக்குப் பொருந்துமா? இவற்றைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். ஜிப்மரின் மண்டலப் புற்று மையத்திலோ, சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலோ, எங்கே காட்டினாலும் பயாப்சி சிலைடையும் மெழுகுக் கட்டியையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி பயாப்சி எடுக்கும் கஷ்டம் குறையும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம் பற்றி: எதிர்ப்பு சக்தி என்பது கூட்டிக் குறைக்கும்படி ஒரே அளவாக இருக்கும் பொருள் இல்லை. அப்பாவின் கட்டிக்குள் டி செல்கள் இல்லாமல் இல்லை, தடுக்கப்பட்டு நிற்கின்றன. பொதுவாக எதையோ கூட்டினால், புற்று தன் பக்கம் சேர்த்துவைத்திருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களும் கூடலாம், அவையும் அதே எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவைதான். தடையை முழுவதும் எடுத்தால் என்ன ஆகும் என்பதும் ஊசியிலிருந்தே தெரியும்: சிலருக்கு டி செல்கள் தைராய்டு, நுரையீரல், குடல், கல்லீரல் என்று சொந்த உறுப்பையே தாக்கும். நிலவேம்பும் கபசுரமும் கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தன, அவற்றின் மேல் எனக்குப் பகை இல்லை. புற்று சிகிச்சை நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் கொடுக்காதீர்கள், கல்லீரலில் மருந்தோடு மோதலாம். அப்பாவுக்கு இப்போது வேண்டியது விழுங்கக்கூடிய பதத்தில் முட்டை, மீன், பருப்பு, தயிர்; எடை குறையாமல் இருப்பது; புகையிலையும் பாக்கும் இன்றோடு நிற்பது. நோய் வந்த பிறகு விட்டு என்ன பயன் என்பார். பயன் இருக்கிறது. தொடர்ந்து புகைப்பவர்களுக்குக் கதிர்வீச்சு சரியாகப் பலிப்பதில்லை, புண் ஆறுவது தாமதமாகும், அதே வாயில் இரண்டாவது புற்று வரும் ஆபத்தும் கூடும்.

கடைசியாகச் சித்தப்பா. இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்று வந்ததாக மதிப்பீடு. ஆண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். அதே நேரம், டார்ச் வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய சில புற்றுகளில் இதுவும் ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பஞ்சாயத்து பஞ்சாயத்தாகப் போய், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. 2005-இல் வெளியான முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டி செல்லின் கண்ணுக்கு மறைந்தது மனிதக் கண்ணுக்கு மறையவில்லை.

சித்தப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து நீங்களே பாருங்கள். இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்து, பாக்கு அடக்கும் பக்கத்தை நன்றாக, கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம், நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்து அதன் இரு ஓரங்கள், நாக்குக்கு அடிப்பகுதி. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் மாதிரி சிவந்த இடம் (இது வெள்ளையைவிட ஆபத்தானது), விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் இடம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய், கழுத்தில் வலிக்காத நெறி: இதில் ஒன்று இருந்தாலும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவிலேயே காட்டலாம், உடனே புதுச்சேரிக்கு ஓட வேண்டியதில்லை. அங்கே பயாப்சி என்று சொன்னால் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். வாய்ப் புண்ணில் சிறு துண்டு எடுப்பதால் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் பரவுகிறது.